கறுப்புத் தூளுக்கு ஒரு திருடி தேவை

அத்தியாயம் 4

அந்த அறையில் நாற்காலிகளைவிட அந்த ஆளின் புகைப்படங்கள்தான் அதிகம். மந்திரி ஒருவருக்குக் கை கொடுக்கும் படம், மேடையில் மைக்கைப் பிடித்திருக்கும் படம், கண்ணாடிக் குடுவை ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி அதற்குள் எதையோ கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் படம். அந்தக் கடைசிப் படத்தில் குடுவை காலி. கொழுந்தன் அதைத்தான் முதலில் கவனித்தான். கவனித்ததைச் சொல்ல வாயைத் திறந்தபோது அண்ணி மேஜைக்கடியில் அவன் காலை ஒரு மிதி மிதித்தாள்.

செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் நடக்கும் துப்பறியும் நிறுவனம் அண்ணியுடையது. எரிந்துபோனதாகச் சொல்லப்படும் கடை உண்மையிலேயே எரிந்ததா, வெளியூர் வேலை என்று கிளம்பும் கணவன் எந்தத் தெருவில் இறங்குகிறான், இதெல்லாம்தான் அவர்கள் பிழைப்பு. கொழுந்தன் அவளுடைய கணவனின் தம்பி. பார்த்த வேலை எல்லாவற்றிலிருந்தும் வாய்த்துடுக்குக்காகவே துரத்தப்பட்டவன். எப்படியும் வீட்டில் உட்கார வைத்துத் திட்டத்தான் போகிறோம், ஆபீஸில் வைத்துத் திட்டினால் வேலையாவது நடக்குமே என்று அண்ணி அவனைச் சேர்த்துக்கொண்டாள். நாளடைவில் வேலை கொடுக்க வருகிறவர்கள்கூட அவளை அண்ணி என்றும் அவனைக் கொழுந்தன் என்றுமே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். உட்கார்ந்த மறு நிமிஷமே கொழுந்தன் அவருக்கு மேதை என்று மனசுக்குள் பெயர் வைத்தாயிற்று. வாய்விட்டுச் சொல்லியிருந்தாலும் பாதகமில்லை. அந்த ஆள் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

"உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்று ஆரம்பித்தார் மேதை. அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

புரிகிற மாதிரி அவர் சொன்னது இது. தண்ணீருக்குள் கரண்ட்டை விட்டால் ஹைட்ரஜன் குமிழி குமிழியாகப் பிரிந்து வரும். அதை எரிபொருளாக வைத்து லாரி ஓட்டலாம், தொழிற்சாலை நடத்தலாம். ஆனால் தண்ணீர் லேசில் பிரியாது, சண்டித்தனம் பண்ணும், கரண்ட்டைக் குடித்துத் தள்ளும். அதைத் தாஜா பண்ண ஒரு வினையூக்கி வேண்டும். பிளாட்டினம் போல அதற்குக் கெட்டிக்கார உலோகம் கிடையாது. விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும். மேதையோ நிக்கல், மாலிப்டினம், கொஞ்சம் இரும்பு மூன்றையும் கலந்து, ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கக்கூடிய அத்தனை சின்னத் துகள்களாகச் செய்துவிட்டார். பார்த்தால் கரித்தூள். வேலையில் பிளாட்டினத்துக்கே அண்ணன்.

"அதுல பேருக்குக்கூட பிளாட்டினம் கிடையாது" என்றார், அத்தனை துகளையும் தானே உட்கார்ந்து உருட்டியது போல. அவருக்குப் பின்னால் ஒரு போஸ்டர், 'பிளாட்டினம் வேண்டாத எதிர்காலம்' என்று அறிவித்துக்கொண்டிருந்தது. எதிர்காலத்திலும் அவர் படம்தான் இருந்தது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஓர் எரிவாயு கம்பெனி இந்தத் தூளை வாங்கிப் பெரிய அளவில் செய்ய ஆசைப்படுகிறது. அவர் வெளிநாட்டில் கருத்தரங்கில் இருந்தபோது, அவரிடம் பிஎச்டி செய்யும் ஒரு மாணவி அவரைக் கேட்காமலேயே ஒரு பாட்டில் தூளைக் கம்பெனிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அங்கே போட்டுப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. அதே நாள் செய்து, அதே ஜாடியிலிருந்து எடுத்த மிச்சத் தூள் இங்கே பிரமாதமாக வேலை செய்கிறது. அப்படியானால் வழியில் பாட்டில் மாறியிருக்கிறது. நிஜத்தை எவனுக்கோ விற்றுவிட்டுக் கம்பெனிக்குக் கரியைக் கொடுத்திருக்கிறாள். கம்பெனி இன்ஜினியர் இன்று சாயங்காலம் வருகிறார். அவர் கையில் கொடுக்க ஒரு துப்பறியும் அறிக்கை வேண்டும். அதன்பின் போலீஸ். அவளுடைய பிஎச்டி பதிவும் ரத்து.

"நீங்க மண்டையைக் குழப்பிக்க வேண்டாம்மா. நான் சொன்னதை நீங்க எழுதிக் கொடுத்தா போதும். உங்க லைன்ல இதெல்லாம் பழக்கம்தானே" என்றார்.

கொழுந்தன் காலை முன்கூட்டியே நகர்த்திக்கொண்டான். ஆனால் அண்ணி மேதையைப் பார்த்து, வாசலுக்கு வரும் சோப்பு விற்பனையாளருக்குக் கொடுக்கும் அதே புன்னகையைக் கொடுத்தாள். அந்தத் தூள் எவ்வளவு நாள் உழைக்கும் என்று மட்டும் கேட்டாள்.

மேதையின் முகம் மலர்ந்தது. "அதுதான் அதிசயம். புதுசா போட்டா கொஞ்சம் மந்தமா இருக்கும். ஓட ஓடத்தான் வேகம் ஏறும். உழைக்க உழைக்க நல்லாகிற வினையூக்கி, உலகத்திலேயே இது ஒண்ணுதான்."

கம்பெனி திருப்பி அனுப்பிய போலிப் பாட்டிலைத் தடயம் என்று ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அண்ணியிடம் நீட்டினார். ஆய்வுக்கூடத்தைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்குத் தாராளமாகப் பார்க்கலாம் என்றார். பார்த்தால் இவர்களுக்கு என்ன புரிந்துவிடப் போகிறது என்கிற அலட்சியம் அந்தத் தாராளத்தில் வழிந்தது.

தாழ்வாரத்தில் அண்ணி நடையை மெதுவாக்கினாள். "உழைக்க உழைக்க நல்லாகிற பொருள் ஏதாவது நீ பாத்திருக்கியா தம்பி?"

"உங்க கோபம், அண்ணி."

"செருப்பு தேயுது, டயர் தேயுது, உங்க அண்ணன் தேயறாரு. இந்தக் கரித்தூள் மட்டும் வளருதாம்."

கொழுந்தனுக்கு வேறொரு சந்தேகம். மந்திரியோடு கை குலுக்குகிற மனுஷன், போயும் போயும் செருப்புக் கடை மாடியைத் தேடி வருவானேன்? நகரத்தில் கோட்டும் சூட்டும் போட்ட துப்பறியும் கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றனவே என்றான். அதையும் மனசில் வைத்துக்கொள் என்றாள் அண்ணி.

குற்றவாளி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நுழையும் அட்டையைப் பிடுங்கிவிட்டதால் இரண்டு நாளாக அதுதான் அவள் இடமாம். முப்பது வயசிருக்கும். நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு ஏறியிருந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு. மடியில் ஃபோன் துடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் என்றாள், இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் சேர்வதற்குள் பட்டம் வந்துவிடும் என்று மாமியாரிடம் சொல்லியிருந்தாளாம். குழந்தை இப்போது பெருக்கல் வாய்ப்பாடு படிக்கிறது.

"நீங்க போலீஸா?" என்று கேட்டாள்.

"அதுக்கும் கீழம்மா" என்றான் கொழுந்தன்.

அண்ணி அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துகொண்டாள். கேள்வி கேட்கவில்லை, அவளே சொன்னாள். பாட்டிலைத் தன் கையால் மூடி ஒட்டி, பஸ்ஸில் மடியிலிருந்து இறக்காமல் கொண்டுபோனாள். கம்பெனியில் அவள் கண்ணெதிரேதான் திறந்தார்கள், போட்டார்கள். ஒன்றும் வரவில்லை. அடுப்புக்கரியே இதைவிடத் தேவலை என்று இன்ஜினியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கேட்காமல் ஏன் கொண்டுபோனாய் என்று கொழுந்தன் கேட்டதற்கு, கம்பெனி சாம்பிள் கேட்கும்போதெல்லாம் சார் இன்னும் கொஞ்சம் போகட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார், அவருக்குத் தன்னடக்கம் அதிகம் என்று தான் நினைத்துவிட்டதாகச் சொன்னாள்.

"அந்த ரூம்ல அத்தனை போட்டோவைப் பாத்ததுக்கப்புறமுமா?" என்றான் கொழுந்தன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அழுகையும். அண்ணி எழுந்து பிளாஸ்டிக் கவரை அவளிடம் கொடுத்தாள். கம்பெனியிலிருந்து வந்த போலியை இங்கேயே ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னாள்.

"அதான் போலின்னு தெரிஞ்சு போச்சே."

"தெரிஞ்சு போனதைத்தாம்மா முதல்ல பாக்கணும். தெரியாததை அப்புறம் பாத்துக்கலாம்."

மேதை கொடுத்த அனுமதியைச் சொல்லி அண்ணி அவளையும் உள்ளே அழைத்துப்போனாள். ஆய்வுக்கூடத்தில் மேதையின் படம் இரண்டுதான் இருந்தது. அந்த மட்டும் கொழுந்தனுக்கு ஆறுதல். மாணவி கோட்டை மாட்டிக்கொண்டதும் ஆளே மாறிப்போனாள். கடுகளவு தூளை எடுத்து எரிசாராயத்தில் கலக்கி, ஒரு சொட்டுப் பசை விட்டு, சட்டைப் பொத்தான் அளவு கரித் தகட்டில் தடவி, விளக்கடியில் காய வைத்தாள். மூன்று கழுத்துள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் நீர்த்த அமிலத்தை ஊற்றினாள். ஒரு கழுத்தில் தகடு இறங்கியது. எதிர்க் கழுத்தில், சுருட்டி வைத்த வெள்ளிநிறக் கம்பி ஒன்று. நடுவில் இருப்பது அளப்பதற்கு என்றாள். சுவிட்ச்சைப் போட்டதும் தகட்டில் ஒன்றிரண்டு குமிழி வந்து, யோசித்து, மேலே போயிற்று. நிறைந்த பஸ்ஸில் டிக்கெட் எடுக்கத் தயங்குகிறவன் போல இருக்கிறது என்றான் கொழுந்தன்.

"பழக்கணும்" என்று வாய் தவறிச் சொன்னாள் மாணவி. புதுத் தகட்டை எப்போதுமே கொஞ்ச நேரம் கரண்ட்டில் ஓடவிட்டுப் பழக்கிவிட்டுத்தான் அளப்பார்களாம். பிறகு, இது போலிதானே, இதை எதற்குப் பழக்க வேண்டும் என்று கையை எடுத்தாள். ஓடட்டும் விடு என்றாள் அண்ணி.

மூன்று பேரும் கேன்டீனில் டீயும் பன்னும் சாப்பிட்டார்கள். பன் நேற்றையது. அங்கிருந்த டிவியில்கூட மேதை பேசிக்கொண்டிருந்தார். பழைய பேட்டியாம், கேன்டீன்காரருக்கு அதை நிறுத்தும் அதிகாரம் இல்லையாம். எதிர்காலம் நம் கையில் என்று அவர் சொன்னபோது கையில் விலை உயர்ந்த கடிகாரம் தெரிந்தது. கொழுந்தன் மெல்லுவதை நிறுத்திவிட்டு, இந்த மனுஷன் கடைசியாக ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை பார்த்தார் என்று மாணவியிடம் கேட்டான். அவள் நெடுநேரம் யோசித்து, பீக்கர் எந்த அலமாரியில் இருக்கிறது என்றே சாருக்குத் தெரியாது என்றாள். சொல்லிவிட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது போல இருந்தது. நிஜமான கொதிப்பு இல்லை, குமிழிகள். தகட்டின் முகம் தெரியாத அளவுக்குப் பொங்கிக்கொண்டு கிளம்பின. மாணவி திரையில் ஓடிய கோட்டைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய நல்ல தூள் எப்படி ஓடுமோ அப்படியே ஓடியது.

கொழுந்தன் துள்ளிக் குதித்தான். கேஸ் முடிந்தது என்றான். பாட்டில் மாறவே இல்லை, கம்பெனிக்குப் போனது நிஜத் தூள், அந்த இன்ஜினியர்தான் கதை விடுகிறான், ஆகாது ஆகாது என்று சொல்லியே விலையை அடிமாட்டு விலைக்குக் குறைக்கப் பார்க்கிறான் என்று மூச்சு விடாமல் அடுக்கினான். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாருமே இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தன் கடைக்குத் தானே நெருப்பு வைத்தவர்கள்தான்.

"அவங்க போட்டது இந்தப் பொண்ணு கண்ணெதிர்லடா. கரி மாதிரி கிடந்ததை இவளும்தான் பாத்திருக்கா" என்றாள் அண்ணி. பிறகு மாணவியிடம் திரும்பி, அங்கே எதெல்லாம் இங்கே மாதிரி, எதெல்லாம் வேற என்று மட்டும் கேட்டாள்.

மாணவி விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். அமிலம் அதே அமிலம். தகடு இவள் கொண்டுபோனது. தடவியது இவளே, இங்கே போலவே ஓடவிட்டுப் பழக்கியதும் இவளே. பாத்திரம் கொஞ்சம் பெரிசு, அதனால் ஒன்றும் இல்லை. எதிர்க் கம்பி மட்டும் வேறு. "அங்க கிராஃபைட் கம்பி போட்டாங்க, பென்சில்ல இருக்குமே, அது. பிளாட்டினமே வேண்டாம்னு சொல்ற பொருளுக்கு எதிர்ல பிளாட்டினத்தை எதுக்கு வைக்கணும்னு இன்ஜினியர் கேட்டாரு. நானும் அது சரிதானேன்னு…"

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். எதிர்க் கழுத்தில் தொங்கிய வெள்ளிநிறக் கம்பியையே பார்த்தாள்.

"உங்க கம்பி எதுல செஞ்சது?" என்று கேட்டான் கொழுந்தன். "பிளாட்டினம்" என்றபடி மாணவி சுவிட்ச்சை அணைத்தாள்.

இங்கே கிராஃபைட் கம்பி வாங்குகிற வழக்கமே இல்லையாம். கொழுந்தன் குறிப்பெடுப்பதாகப் பாவனை செய்து கடித்துக்கொண்டிருந்த பென்சிலை அண்ணி பிடுங்கி, கட்டையைப் பிளந்து, கறுப்புக் குச்சியை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். மாணவி புதுப் பாத்திரம் எடுத்தாள், புது அமிலம் ஊற்றினாள். இந்தத் தடவை நிலையத்தின் சொந்த ஜாடியிலிருந்து, மேதை சத்தியம் பண்ணும் நல்ல தூளையே புதுத் தகட்டில் தடவினாள். எதிரே பென்சில் குச்சி. முன்பு ஓடவிட்ட அதே நேரம் இதையும் ஓடவிட்டார்கள். ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தகட்டையே பார்த்தார்கள். அஜீரணக்காரன் ஏப்பம் விடுவது போல எப்போதோ ஒரு குமிழி வந்தது. கடைசி வரைக்கும் அவ்வளவுதான்.

மாணவி பாடம் நடத்துவது போலவே சொன்னாள். கரண்ட் ஓடும்போது எதிரே இருக்கும் பிளாட்டினம் கண்ணுக்குத் தெரியாத அளவில் அமிலத்தில் கரைகிறது. கரைந்தது தண்ணீருக்குள்ளேயே இந்தப் பக்கம் வந்து தூளின் மேல் படிகிறது. மேலே படியப் படிய வேகம் ஏறுகிறது. பழக்குவது, பழக்குவது என்று இத்தனை வருஷமாகச் செய்தது, தூளுக்குப் பிளாட்டினத்தில் முலாம் பூசியதுதான்.

"பரீட்சையில பக்கத்துல உக்காந்திருக்கிறவனைப் பாத்து எழுதியிருக்கு உங்க தூள்" என்றான் கொழுந்தன். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். தன் வாயைப் பற்றி மற்றவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

"நான் திருடலைன்னு ஆயிடுச்சு இல்ல மேடம்?"

"ஆயிடுச்சும்மா."

"திருடறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னும் ஆயிடுச்சு." அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். "பட்டமும் இந்தத் தூளுக்குத்தான். என்னைத் திருடின்னே எழுதிக் கொடுத்துடுங்க மேடம். திருடின்னா, திருடற அளவுக்கு ஒரு நல்ல பொருளைச் செஞ்சவன்னாவது இருக்கும்."

அண்ணி ஆறுதல் சொல்லும் ஜாதி இல்லை. அவள் எதிர்க் கழுத்திலிருந்த பிளாட்டினக் கம்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டே, இதைக் கழுவுவது யார், மாற்றுவது யார் என்று கேட்டாள். கழுவுவது நாங்கள், மாற்றுவது சார் என்றாள் மாணவி. விலை உயர்ந்த சாமான் என்பதால் அவருடைய பீரோவில்தான் இருக்குமாம். அவ்வப்போது அவரே வந்து பழையதைக் கழற்றிக்கொண்டு புதிதை மாட்டிவிட்டுப் போவாராம்.

"பீக்கர் எங்க இருக்குன்னு தெரியாத மனுஷன், கம்பியை மட்டும் தானே மாட்டுறாரு" என்றாள் அண்ணி. "விலை உயர்ந்த சாமானைப் பூட்டி வைக்கிறது நியாயம். ஆனா தேயவே தேயாதுன்னு பேர் வாங்கின சாமானை எதுக்கும்மா மாத்தணும்?"

கொழுந்தனுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. கம்பி இளைப்பது ஆராய்ச்சிக்காரர்கள் கண்ணில் படுவதற்குள் அந்த ஆள் மாற்றிவிடுகிறார். அதனால்தான் கம்பெனிக்குச் சாம்பிள் கொடுக்காமல் இழுத்தடித்தார். இந்தப் பெண் பெருமை தாங்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். இனித் தூளைக் காப்பாற்ற ஒரே வழி ஒரு திருடி. திருடியை எழுதிக் கொடுக்க ஒரு துப்பறியும் ஆள் வேண்டும். கோட்டு சூட்டு கம்பெனி என்றால் விஞ்ஞானம் தெரிந்த ஒருவனை அனுப்பிவிடுவான். கணவன்மார்களின் பின்னால் அலைகிறவர்கள் என்றால் தொல்லை இல்லை. தன் வாழ்க்கையில் எத்தனையோ பேர் தன்னை முட்டாள் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் தேர்ந்தெடுத்து, அட்வான்ஸும் கொடுத்து யாரும் சொன்னதில்லை என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான்.

அப்போது மேதையே உள்ளே வந்தார். பாத்திரத்தில் நின்ற பென்சில் குச்சியைப் பார்த்தார். ஒரே ஒரு விநாடி அவர் முகம் புகைப்படத்தில் இல்லாத முகமாக இருந்தது. பிறகு அண்ணியையும் கொழுந்தனையும் அறையில் கிடக்கும் ஸ்டூல்கள் போலத் தாண்டிப் போய், மாணவியின் தோளருகே நின்று கனிவாகப் பேசினார். கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டாராம். போலீஸ் எல்லாம் எதற்கு, நம் குடும்பம் மாதிரி அல்லவா என்றார். லேபிள் மாறிவிட்டது, பக்கத்து அலமாரிப் பாட்டிலைத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டேன் என்று இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டம் இந்த மாதமே. மேற்கொண்டு எங்கே போக வேண்டுமோ அங்கே சிபாரிசு. அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் இடத்தில் தான் இருந்தால் சரி என்று சொல்லி, கூடவே ஒரு டீயும் வாங்கிக் குடித்திருப்பேன் என்று கொழுந்தனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கூட்ட அறையில் இன்ஜினியர் டீயைத் தொடவில்லை. நாள் முழுக்க ஹெல்மெட் போட்டு நெற்றியில் தழும்பாகிப்போன, தடித்த ஆள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேதை முன்னுரை ஆற்றினார். மகத்தான கண்டுபிடிப்புகளின் பாதையில் சின்னச் சின்ன மனிதத் தவறுகள் சகஜம் என்றார். லேபிள் குழப்பத்தை மாணவியே விளக்குவாள், புதுத் தூளைத் தானே நேரில் கொண்டுவருவேன் என்றார்.

"இந்தத் தடவை எங்க பாத்திரம், எங்க கம்பி எல்லாத்தோடயும் அனுப்பறோம். உங்க ஆளுங்களுக்குச் சிரமம் இருக்காது" என்று சேர்த்துக்கொண்டார்.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி மாணவியைப் பார்த்தாள். இன்ஜினியரும் மேதையை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க தூள் வேலை செய்யுமா, செய்யாதா?"

"செய்யாது" என்றாள் மாணவி.

அதன்பின் சொல்ல வேண்டியதை எல்லாம் அவளே சொன்னாள். கம்பி கரைவது, படிவது, இரண்டு பாத்திரத்திலும் கிடைத்தது. எதையும் குறைக்கவில்லை. தனக்குத் தெரியாது என்றும் ஒளிந்துகொள்ளவில்லை. இத்தனை வருஷம் எதிரே இருந்த கம்பியைப் பற்றித் தான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்றாள். இன்ஜினியர் கட்டியிருந்த கையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

மேதை அசரவில்லை. காலையில் அவள் திருடி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் லேபிள் மாற்றியவள். இப்போது ஒரே மூச்சில் கவனக்குறைவான ஆராய்ச்சியாளர் ஆனாள். தன்னை ஏமாற்றிவிட்டாள் என்றும், நல்ல வேளை உண்மை வெளிவந்தது என்றும், தன் மனம் உடைந்துவிட்டது என்றும் சொன்னார். ஒரு மனுஷன் வெட்கம் என்ற சாமானை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்கு வந்தால் எவ்வளவு சௌகரியம் என்பதைக் கொழுந்தன் அன்றைக்கு நேரில் பார்த்தான்.

"அப்போ கம்பியை ஏன் சார் மாத்திக்கிட்டே இருந்தீங்க?" என்றாள் அண்ணி. சத்தமே இல்லாமல் கேட்டாள்.

மேதை அவள் பக்கம் திரும்பினார். "உன்னைக் கூப்பிட்டது நான். எனக்காகத்தான் நீ வேலை செய்யணும்."

"கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டீங்க. கண்டுபிடிச்சாச்சு. கழட்டின பழைய கம்பி எல்லாம் பீரோவுலதானே இருக்கு? இளைச்ச கம்பியும் இளைக்காத கம்பியும் பக்கத்துல பக்கத்துல வச்சா, இன்ஜினியர் சாரே பாத்துக்குவாரு."

இன்ஜினியர் சாவியைக் கேட்டார். மேதையின் கை தன்னையறியாமல் பாக்கெட்டுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. அவர் மாணவியைப் பார்த்தபோது கனிவு போயிருந்தது.

"எல்லா ஆராய்ச்சிக் கட்டுரையிலும் முதல் பேர் உன்னோடது. என்னோடது கடைசி. நான் விழுந்தா அடி முதல்ல உனக்குத்தான். யோசிச்சுப் பேசு."

அவள் நிஜமாகவே யோசித்தாள். ஃபோன் மறுபடி துடித்தது. திரையைப் பார்த்து அணைத்தாள். கொழுந்தனுக்கு அந்த இடைவெளி பிடிக்கவில்லை. இத்தனை வருஷத்தையும் ஒரு பெண் ஒரு மேஜையின் முன்னால் எடை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கத் தனக்கு என்ன தலையெழுத்து என்று எரிச்சல்பட்டான்.

"முதல் பேர் என்னோடதுதான் சார்" என்றாள். "அதனால கட்டுரை தப்பு, திரும்ப எடுத்துக்கறோம்னு நானே எழுதலாம். உங்க கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டிருக்க வேண்டாம்."

"பட்டம் என்னாகும்மா?" என்று கேட்டார் இன்ஜினியர். அந்த ஆளுக்கு அப்படி ஒரு குரலும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"போச்சு சார்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அந்த மேஜையிலேயே திறந்தாள். டீக் கோப்பைகளை அண்ணி ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள். கறுப்பு ஏறிய விரல்கள் தட்ட ஆரம்பித்தன. இன்ஜினியர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்பெனியில் செய்து பார்த்த அளவுகளையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தொடங்கினார். கொழுந்தன் திரையை எட்டிப் பார்த்தான். மேதை எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, ஏதோ பேச ஆரம்பித்தார். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை.